பழைய பாணிக் குண்டு எழுத்துகளைக் கையாளும் முறை: நீலகிரிக் கடைக்காரர்களுக்கும் புதிய வடிவமைப்பாளர்களுக்கும் ஒரு வழிகாட்டி

குன்னூரில் பேக்கரி நடத்துபவர், கோத்தகிரியில் தேன் அடைத்து விற்கும் மகளிர் குழுவினர், கூடலூரில் மிளகும் ஏலக்காயும் பொட்டலம் போடுபவர் என யார் அச்சகத்துக்குப் போனாலும் இப்போது அதிகம் கேட்பது ஒரே வகை எழுத்தைத்தான்: பழைய காலத்துச் சாயலும் கொஞ்சம் விளையாட்டுத்தனமும் கலந்த, உருண்டு திரண்ட குண்டு எழுத்து. சுற்றுலாப் பயணியின் கண்ணைச் சட்டென்று நிறுத்தவும், கைப்பக்குவத்தில் செய்த பொருள் என்று சொல்லாமல் சொல்லவும் அந்த எழுத்து மிகவும் உதவுகிறது. ஆனால் அதைத் தமிழில் சரியாகப் பயன்படுத்தக் கொஞ்சம் பயிற்சி வேண்டும். ஆங்கிலத்தில் ஒரு குண்டு எழுத்துருவை எடுத்து அப்படியே வைத்தாலும் பெரும்பாலும் படிக்க முடிந்துவிடும். தமிழிலோ பொருளை மாற்றும் உறுப்புகள் பல மிகச் சிறியவை. புள்ளி, கொம்பு, சுழி, கீழே இறங்கும் ஒரு சிறு கோடு ஆகியவை எழுத்து பருக்கப் பருக்க முதலில் நசுங்குகின்றன. ஆகவே ஒரு தமிழ்க் குண்டு எழுத்துருவை அதன் மொத்த அழகை வைத்து மதிப்பிடாமல், இந்தச் சிறு உறுப்புகள் பிழைத்திருக்கின்றனவா என்று பார்த்தே மதிப்பிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கீழே வரும் ஒவ்வொரு படியும் அந்தச் சோதனையைச் சுற்றியே அமைந்திருக்கிறது. விளக்கத்துக்கு வசதியாக, நீலகிரியின் மொறுமொறுப்பான பேக்கரிப் பண்டமான வர்க்கியை வைத்து ‘குன்னூர் வர்க்கி’ என்று அச்சிட வேண்டிய ஒரு காகிதப் பையையும் அதே பெயரில் ஒரு கடைப் பலகையையும் மனத்தில் வைத்துக்கொள்வோம்.

எந்தக் காலத்துப் பழமை வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

‘பழைய பாணி’ என்பதில் பல காலங்கள் அடங்கியிருப்பதால், கணினியைத் திறப்பதற்கு முன்பே இந்தக் கேள்விக்கு விடை கண்டுவிடுவது நல்லது. உலக அளவில் இந்தக் குண்டு எழுத்து வகைக்கு மூலமாகப் பலரும் சுட்டுவது ‘கூப்பர் பிளாக்’ என்ற எழுத்துருவை. அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஆஸ்வால்ட் கூப்பர் அதை வரைந்தார். பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர் என்ற எழுத்து வார்ப்பகம் 1922இல் அதை வெளியிட்டது. அதில் கூர்மையான முனை என்று எதுவுமே கிடையாது; எழுத்தின் பாதங்கள்கூட உருண்டிருக்கும், எழுத்துக்குள் அடைபட்ட வெற்றிடங்களான உள்வெளிகள் சிறுத்திருக்கும். 1960களிலும் 70களிலும், ஈய எழுத்துக்குப் பதிலாக ஒளிப்படச் சுருளில் எழுத்தைப் பதிக்கும் ஒளி அச்சுக்கோப்பு பரவியபோது இவ்வகை எழுத்துகள் புதிய உயிர் பெற்றன. ஈய எழுத்தில் ஒவ்வொன்றும் தனித்தனிக் கட்டையாக இருந்ததால் இரண்டு எழுத்துகளைத் தொட்டுக்கொள்ளும் அளவுக்கு நெருக்குவது கடினமாக இருந்தது. ஒளிப்படச் சுருளில் அந்தத் தடை இல்லை. எழுத்துகளை ஒன்றோடொன்று ஒட்டவும் நுழைக்கவும் முடிந்தது. ஊட்டி இந்துநகரில் இயங்கிய இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஆலையை அறிந்த நீலகிரிக்காரர்களுக்கு ஒளிப்படச் சுருள் எப்படிப்பட்டது என்று விளக்க வேண்டியதில்லை. இன்று ‘ரெட்ரோ’ என்ற பெயரில் வரும் எழுத்துருக்கள் பலவற்றில் தெரியும் நெருக்கமும் வளைவும் பெரும்பாலும் அந்த 70களின் சாயல்தான்.

தமிழுக்கென்று வேறு இரண்டு பழமைகள் இருக்கின்றன. ஒன்று, தூரிகை பிடித்துக் கடைப் பலகையும் சுவர் விளம்பரமும் எழுதிய ஓவியர்களின் எழுத்து. தூரிகை திரும்பும் இடத்தில் கோடு தடித்தும், இழுத்து முடியும் இடத்தில் மெலிந்தும் இருப்பது அதன் அடையாளம். மற்றொன்று, 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை நடைமுறைப்படுத்துவதற்கு முன்பு வழங்கிய எழுத்து வடிவங்கள். ணை, னை, லை, ளை ஆகிய நான்கும் அப்போது யானைத் துதிக்கையைப் போல மேலே வளைந்த ஒரு கொக்கியோடு எழுதப்பட்டன. ணா, றா, னா ஆகியவையும் அவற்றின் ஒகர, ஓகார வடிவங்களும் கால் தனியே நிற்காமல் எழுத்தோடு சேர்ந்தே வளைந்திருந்தன. தேயிலைக் கடைக்கு இது கையில் கிடைத்த வரம் என்றே சொல்வேன். ‘தேயிலை’ என்ற சொல்லின் கடைசி எழுத்தைப் பழைய வடிவில் எழுதிவிட்டால், வேறு எந்த அலங்காரமும் இல்லாமலேயே அந்தப் பலகை ஒரு தலைமுறை பின்னே போய்விடும். ஆனால் 1978க்குப் பிறகு பள்ளியில் படித்தவர்களில் பலருக்கு அந்த வடிவங்கள் பழக்கமில்லாதவை என்பதால், ஒரு பலகையில் ஓர் எழுத்துக்கு மேல் அப்படி எழுதாமல் இருப்பது பாதுகாப்பானது. கணினியில் எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடில் பழைய வடிவத்துக்கும் புதிய வடிவத்துக்கும் குறியீடு ஒன்றே. எந்த வடிவம் தெரிய வேண்டும் என்பதை எழுத்துருதான் முடிவு செய்கிறது. நீங்கள் எடுத்த எழுத்துருவில் பழைய வடிவம் இல்லையென்றால், அந்த ஓர் எழுத்தை மட்டும் கோட்டுருவாக (தட்டச்சு எழுத்தாக இல்லாமல் வரைந்த வடிவமாக; மென்பொருளில் ‘அவுட்லைன்’) மாற்றிக் கையால் திருத்தி வரைந்துகொள்ளலாம்.

தமிழ் எழுத்து உள்ள எழுத்துருவைத் தேடி எடுங்கள்

புதியவர்கள் அடிக்கடி தடுமாறும் இடம் இது. இணையத்தில் அழகான ஆங்கிலக் குண்டு எழுத்துரு ஒன்றைப் பார்த்து இறக்கி, அதில் தமிழைத் தட்டச்சு செய்தால் தமிழும் திரையில் தெரியும்; ஆனால் தெரிவது அந்த எழுத்துரு அன்று. தமிழ் எழுத்து இல்லாத எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தால் கணினி தன்னிடமுள்ள வேறொரு தமிழ் எழுத்துருவை எடுத்து இட்டு நிரப்பிவிடுகிறது. விண்டோஸில் அது பெரும்பாலும் ‘நிர்மலா’வாக இருக்கும். அதனால்தான் பல பலகைகளில் ஆங்கிலப் பெயர் துள்ளிக் குதிக்கிறது, தமிழ்ப் பெயர் அலுவலகச் சுற்றறிக்கையைப் போல நிற்கிறது.

கூகுள் ஃபாண்ட்ஸ் தளத்தில் மொழிப் பட்டியலில் தமிழைத் தேர்ந்தெடுத்தால், தமிழ் எழுத்து உண்மையிலேயே உள்ள எழுத்துருக்கள் மட்டும் வரும். விளையாட்டுத்தனமான தலைப்பெழுத்துக்கு அங்கே நான் முதலில் பரிந்துரைப்பது ‘பலூ தம்பி 2’. மும்பையின் ஏக் டைப் குழுவினர் உருவாக்கிய ‘பலூ’ குடும்பத்தில் தமிழுக்கான உறுப்பினர் இது. சாதாரணப் பருமனிலிருந்து மிகத் தடித்தது வரை ஐந்து பருமன்கள் இதில் உள்ளன. இதே குடும்பத்தில் மலையாளத்துக்கு ‘பலூ சேட்டன்’, கன்னடத்துக்கு ‘பலூ தம்மா’, தெலுங்குக்கு ‘பலூ தம்முடு’ என்று தனித்தனி எழுத்துருக்கள் இருப்பதால், கேரள, கர்நாடக எல்லையை ஒட்டிய கூடலூர் போன்ற ஊரில் மும்மொழிப் பலகை வைப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான குடும்பம் கிடைப்பது அரிது. மூன்று மொழியும் ஒரே கையால் எழுதியதைப் போல இருக்கும். ‘காய்னி’ என்ற எழுத்துரு இன்னும் தடித்தது, ஒரே பருமன் கொண்டது. ஒரு சொல், இரண்டு சொல் உள்ள சின்னங்களுக்கு ஏற்றது. மென்மையான வளைவு போதும் என்றால் ‘அரிமா’வைப் பாருங்கள். கையெழுத்துச் சாயல் வேண்டுவோருக்கு இலங்கையைச் சேர்ந்த தாரிக் அசீஸ் வடிவமைத்த ‘கவிவனார்’ இருக்கிறது. குறுகிய பலகையில் நீண்ட பெயர் எழுத வேண்டியிருந்தால், அகலத்தையும் பருமனையும் விருப்பம்போல் கூட்டிக் குறைக்கக்கூடிய ‘அனேக் தமிழ்’ உதவும். அதில் குண்டுத்தனம் குறைவு என்றாலும், ஒரு நல்ல எழுத்தைப் பக்கவாட்டில் பிடித்து நசுக்கிச் சிதைப்பதைவிட அதுவே மேல்.

இவை அனைத்தும் திறந்த எழுத்துரு உரிமத்தில் வெளியானவை. கடைச் சின்னத்திலும் விற்பனைப் பொட்டலத்திலும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். எழுத்துருக் கோப்பை மட்டும் தனியாக விலைக்கு விற்கக் கூடாது. வேறு தளங்களில் ‘சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும் இலவசம்’ என்ற குறிப்போடு கிடைக்கும் எழுத்துருக்கள் வணிகத்துக்கு உதவா. பத்தாயிரம் பை அச்சடித்த பிறகு உரிமத்தைப் படிப்பதில் பயனில்லை.

உங்கள் சொல்லையே எழுதிச் சோதியுங்கள்

தளத்தில் காட்டும் மாதிரி வரியை நம்பி எழுத்துருவைத் தேர்ந்தெடுக்காதீர்கள். உங்கள் பெயரை, நீங்கள் விற்கும் பொருளின் பெயரை, ஊரின் பெயரை எழுதிப் பாருங்கள். ‘குன்னூர் வர்க்கி’யில் பார்க்க வேண்டியவை இவை. ‘ன்னூ’ என்ற இடத்தில் இரண்டு னகரங்கள் அடுத்தடுத்து வருகின்றன. முதல் னகரத்தின் புள்ளி எந்த எழுத்துக்கு உரியது என்பது ஐயமில்லாமல் தெரிய வேண்டும். ‘னூ’வின் கீழ்ப்பகுதி பக்கத்து எழுத்தில் இடிக்கக் கூடாது. ‘வர்க்கி’யில் உள்ள ‘ர்’ இன்னும் நுட்பமானது. ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் உள்ள வேறுபாடு அடியில் சாய்ந்து இறங்கும் அந்தச் சிறு கோடு மட்டுமே. தடித்த எழுத்துருக்களில் வடிவமைப்பாளர் அந்தக் கோட்டைக் குட்டையாக்கிவிட்டால், ரகரம் துணைக்காலாகி நிற்கும். அருகில் பார்க்கும்போது நமக்குப் பெயர் தெரியும் என்பதால் கண் தானாகத் திருத்திப் படித்துவிடும். அதை முன்பு கேள்விப்படாத ஒருவரிடம் காட்டிப் படிக்கச் சொன்னால்தான் உண்மை தெரியும்.

தேன் விற்பவர்கள் ‘தேன்’ என்பதில் உள்ள இரட்டைக்கொம்பைத் தனியாகப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். ஒற்றைக்கொம்பிலிருந்து இரட்டைக்கொம்பைப் பிரித்துக் காட்டுவது கூடுதலாக உள்ள ஒரு சுழிதான். அந்தச் சுழியின் உள்வெளி குண்டு எழுத்தில் ஊசிமுனை அளவுக்குச் சுருங்கிவிடும். சிறிய புட்டியின் லேபிளில் இரண்டு சென்டிமீட்டர் அகலத்தில் அச்சானால் அந்த வெளியில் மை நிரம்பி ‘மலைத் தென்’ என்று ஆகிவிடுகிறது. இதே சிக்கல் ‘எ’வுக்கும் ‘ஏ’வுக்கும் இடையிலும், ‘ஒ’வுக்கும் ‘ஓ’வுக்கும் இடையிலும் உண்டு. ஏலக்காய் விற்பவர் ‘ஏ’யின் கால் தெளிவாக இறங்குகிறதா என்று பார்க்கட்டும். இரண்டு சுழி னகரத்தையும் மூன்று சுழி ணகரத்தையும் தூரத்திலிருந்து பிரித்தறிய முடிகிறதா என்பது ‘உதகமண்டலம்’, ‘மலைப்பூண்டு’ போன்ற சொற்களில் தெரிந்துவிடும். ‘ஊட்டி’யின் முதலெழுத்துக்கு உள்ளே இருக்கும் சின்ன ளகர வடிவம் பல குண்டு எழுத்துருக்களில் வெறும் கட்டியாகிவிடுகிறது, இதற்காகவே நல்ல எழுத்துருக்கள் அந்த இடத்தில் மட்டும் கோட்டைச் சற்று மெலிதாக்கியிருக்கும். அப்படி மெலிந்திருப்பதைக் கண்டால், வரைந்தவர் தமிழ் படிக்கத் தெரிந்தவர்களை நினைத்து வரைந்திருக்கிறார் என்று நம்பலாம். ‘தேயிலைத் தூள்’, ‘நீலகிரித் தைலம்’, ‘ஹோம்மேட் சாக்லேட்’ ஆகிய மூன்றையும் எழுதிப் பார்த்தால் கொம்பு, இணைக்கொம்பு, மேல்விலங்கு, கிரந்த எழுத்து எல்லாமே சோதனைக்கு வந்துவிடும்.

சோதனையில் தேறாத எழுத்துருவை விட்டுவிட வேண்டும் என்பதில்லை. குடும்பத்தில் ஒரு பருமன் குறைத்து எடுத்தாலே பெரும்பாலும் தீர்ந்துவிடும். மிகத் தடித்ததைவிட அதற்கு முந்தைய பருமன்தான் தமிழில் பெரும்பாலும் அழகாகவும் அமைகிறது.

மென்பொருளில் கவனிக்க வேண்டியவை

எழுத்துருக் கோப்பை இறக்கி, சுருக்கத்தை விரித்து, கோப்பின் மீது வலச்சொடுக்குப் போட்டு நிறுவினால் விண்டோஸில் வேலை முடிந்தது. பிறகு உங்கள் மென்பொருள் தமிழை ஒழுங்காகக் கோக்கிறதா என்று பார்க்க ‘கொ’, ‘கோ’, ‘கௌ’ மூன்றையும் தட்டச்சு செய்யுங்கள். கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் வந்து நின்றால், மென்பொருளின் அமைப்பு சரியாக இல்லை என்று பொருள். ஃபோட்டோஷாப்பில் விருப்பங்கள் பகுதிக்குச் சென்று எழுத்துக்கான பொறியை ‘வேர்ல்டு ரெடி’ என்பதற்கு மாற்ற வேண்டும்; இல்லஸ்ட்ரேட்டரில் இந்திய மொழிகளுக்கான விருப்பங்களைக் காட்டும் பெட்டியில் குறியிட வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் வரைகலை மென்பொருளான இங்க்ஸ்கேப்பில் இந்தத் தொல்லை இல்லை என்பதால், புதிதாகக் கற்பவர்களுக்கு அதையே சொல்வேன்.

இன்னொரு பழைய சிக்கலும் உண்டு. தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுக்கொண்டபோதும், பல அச்சகங்களில் இன்றும் பாமினி போன்ற பழைய குறியாக்க எழுத்துருக்களில்தான் வேலை நடக்கிறது. நீங்கள் கைபேசியில் அனுப்பும் யூனிகோடு வரியை அதில் ஒட்டினால் புரியாத குறிகள் வரும். உடனே அச்சகத்தில் யாராவது புதிதாகத் தட்டச்சு செய்வார்கள். அங்கேதான் ‘வர்க்கி’ ‘வர்கி’ ஆகிறது. எழுத்தை நீங்களே கோட்டுருவாக மாற்றிக் கொடுத்துவிட்டால் இதற்கு இடமே இல்லை.

எழுத்திடைவெளியும் வரியிடைவெளியும்

ஆங்கில வடிவமைப்பில் எழுத்துகளைத் தள்ளித் தள்ளி வைப்பது ஓர் அழகு. தமிழில் அதைச் செய்தால் கொம்பும் காலும் தாய் எழுத்தைவிட்டுப் பிரிந்து தனி எழுத்தாகத் தோன்றும். ‘கோத்தகிரி’யை அப்படிப் பரப்பினால் ‘கோ’ மூன்று துண்டாகிவிடும். 70களின் பாணியில் நெருக்குவதும் அதே அளவுக்கு ஆபத்தானது. ஆகவே எழுத்துருவின் இயல்பான இடைவெளியில் தொடங்கி, பெரிய அளவில் அச்சாகும் பெயருக்கு மட்டும் கண்ணால் பார்த்து, இடைவெளி அதிகமாகத் தெரியும் ஓரிரு இடங்களைக் கையால் சற்று நெருக்குங்கள்.

இரண்டு வரியாக எழுதும்போது, மேல் வரியின் கீழ்ச்சுழிகளும் கீழ் வரியின் மேல்விலங்குகளும் புள்ளிகளும் ஒரே இடத்துக்குப் போட்டியிடும். எழுத்தளவைப்போல் ஒன்றே கால் மடங்குக்குக் குறையாத வரியிடைவெளி வைத்துத் தொடங்குங்கள். ‘குன்னூர்’ மேலேயும் ‘வர்க்கி’ கீழேயும் வந்தால், ‘னூ’வின் வால் ‘க்’கின் புள்ளியைத் தொடாதபடி கீழ் வரியைச் சற்றே வலமாகவோ இடமாகவோ நகர்த்திப் பாருங்கள். வால் இறங்கும் இடமும் வெற்றிடமும் ஒன்றாகப் பொருந்திவிட்டால், இடைவெளியைக் குறைத்தாலும் இரண்டு வரியும் ஒரே சின்னமாகக் கட்டுண்டு நிற்கும். இந்த வேலைக்கு எவ்வளவு நேரம் செலவிட்டாலும் தகும்.

ஆங்கிலப் பெயரையும் சேர்ப்பதாக இருந்தால், தமிழ்நாட்டில் கடைப் பெயர்ப்பலகையில் தமிழ் முதலிலும் பெரிதாகவும் இருக்க வேண்டும் என்பதையும், தமிழ், ஆங்கிலம், பிற மொழி மூன்றும் இடம்பெற்றால் 5:3:2 என்ற விகிதம் வகுக்கப்பட்டிருப்பதையும் தொடக்கத்திலேயே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

விளிம்பும் நிழலும்

குண்டு எழுத்துக்கு விளிம்புக் கோடும் ஒரு பக்க நிழலும் சேர்ந்தால்தான் பழைய பலகையின் களை வரும். முதலில் எழுத்தைக் கோட்டுருவாக மாற்றி, ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும் பகுதிகளை ஒன்றாக இணைத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் விளிம்பு போட்டால், பருமனை மாற்றக்கூடிய எழுத்துருக்களில் எழுத்துக்குள்ளேயே குறுக்குக் கோடுகள் தெரியும். விளிம்புக் கோட்டை எப்போதும் எழுத்துக்கு வெளிப்பக்கமாக வளருங்கள். நடுவில் வைத்தால் பாதித் தடிமன் உள்ளே புகுந்து, மேலே சொன்ன சுழிகளையும் உள்வெளிகளையும் தின்றுவிடும். நிழலுக்கு, அதே வடிவத்தின் நகலை ஒரே திசையில் கீழே சரித்து, இடையை நிரப்புங்கள். அதன் நீளம் புள்ளிக்கும் எழுத்துக்கும் இடையே உள்ள வெளியைவிடக் குறைவாக இருக்கட்டும். மங்கிக் கரையும் நிழல் திரைக்கு உரியது. பழைய பாணிக்குக் கெட்டியான நிழலே பொருந்தும்.

நிறமும் மூடுபனியும்

70களின் சாயலுக்குக் கடுகு மஞ்சள், செங்கல் நிறம், காப்பிப்பொடி நிறம், பாலாடை வெள்ளை என்ற நான்கும் போதும். ஆனால் நீலகிரியில் அதைவிட நெருக்கமான நிறச் சேர்க்கைகள் கண்ணெதிரே உள்ளன. மேட்டுப்பாளையத்திலிருந்து 1899இல் குன்னூர் வரைக்கும், 1908இல் உதகை வரைக்கும் வந்த மலை ரயிலின் நீலமும் பாலாடை வெள்ளையும் கலந்த பெட்டிகளை எல்லோரும் அறிவார்கள். ரன்னிமேடு, கேத்தி, லவ்டேல் நிலையங்களில் மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்தில் ஊர்ப்பெயர் நிற்கிறது. மூடுபனியில் அந்த மஞ்சளும் கறுப்பும் எவ்வளவு தூரத்திலிருந்து படிக்கக் கிடைக்கின்றன என்று ஒரு முறை நின்று பார்த்தால், நிறத்தைப் பற்றி வேறு பாடம் தேவைப்படாது.

பனிமூட்டத்தில் காற்றிலுள்ள நீர்த்துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால், எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள நிற வேறுபாடு தூரம் கூடக் கூடக் கரைந்துகொண்டே போகிறது. மெல்லிய கோடுகள் முதலில் மறையும். அடுத்ததாக எழுத்தின் உள்வெளிகள் அடைபடும். குண்டு எழுத்து முதல் சிக்கலிலிருந்து தப்பினாலும் இரண்டாவதில் மாட்டிக்கொள்ளும். அதனால் மலையில் வைக்கும் பலகைக்குத் தடித்த, அதே சமயம் உள்வெளி அகன்ற எழுத்தைத் தேர்ந்தெடுங்கள். பலகைக்குள்ளிருந்து விளக்கு எரியும் பெட்டிகளில், பனி நேரத்தில் எழுத்தைச் சுற்றி ஓர் ஒளிவட்டம் பரவி உள்வெளிகளை மூடிவிடுகிறது. மேலிருந்தோ முன்னிருந்தோ விளக்கு விழும்படி அமைத்தால் இந்தத் தொல்லை குறையும். தேயிலைச் சரிவைப் பின்னணியாகக் கொண்ட சாலையோரக் கடைக்குப் பச்சைப் பலகை வேண்டவே வேண்டாம்.

அளவுக்கு, பலகைத் தொழிலில் பொதுவாகச் சொல்லும் கணக்கு பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் என்பது. அதை ஆங்கிலப் பெரிய எழுத்தின் உயரமாகக் கொள்வார்கள். தமிழில் மேல்விலங்கையும் புள்ளியையும் சேர்க்காமல், ‘க’ அல்லது ‘ட’ எழுத்தின் உடல் உயரத்தை மட்டும் அளந்துகொள்ளுங்கள். நாற்பதடி தொலைவிலிருந்து தெரிய வேண்டிய பலகைக்கு நான்கு அங்குலம் என்று கணக்கு வந்தால், பனி சூழும் இடத்தில் நான் ஏழெட்டு அங்குலமாவது வைப்பேன். உண்மையான அளவில் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டு, தாள்களை ஒட்டிச் சேர்த்து, கடை முகப்பில் கட்டித் தொங்கவிட்டு, மூடுபனி இறங்கிய காலையில் சாலையின் மறுபக்கத்திலிருந்து பாருங்கள். அவசரமென்றால், கணினியில் படத்தைச் சாம்பல் நிறமாக்கி மங்கலாக்கும் வசதியைக் கொண்டு சற்றுக் கலைத்துப் பார்த்தாலும் எந்தச் சுழி முதலில் அடைபடுகிறது என்பது தெரிந்துவிடும்.

பையில், சீட்டில், ஸ்டிக்கரில்

பிளாஸ்டிக் பைகளுக்குத் தடையுள்ள மாவட்டம் என்பதால், நீலகிரியில் காகிதப் பையும் துணிப் பையும்தான் ஒரு கடையின் நடமாடும் விளம்பரம். இந்தக் குண்டு எழுத்துக்கு அவைதாம் மிகவும் பொருத்தமான இடமும்கூட. பழுப்புக் காகிதத்தில் ஒரே நிறத்தில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்தால், செலவும் குறைவு, தோற்றமும் இயல்பாகவே பழையதாக இருக்கும். ஆனால் பழுப்புக் காகிதமும் பருத்தித் துணியும் மையை உறிஞ்சிப் பரவவிடும். கோடு ஒவ்வொன்றும் எல்லாப் பக்கமும் சற்று வீங்கும் என்பதால், திரையில் திறந்திருந்த சுழி பையில் மூடிக்கொள்ளும். பலகைக்கு எடுத்த பருமனைவிட ஒரு பருமன் குறைவாகப் பைக்கு எடுப்பது இதற்கு எளிய மாற்று. அடர்ந்த நிறத்தை நிரப்பி எழுத்தை வெற்றிடமாக விட்டால் விளைவு தலைகீழாகும்: மை உள்ளே பரவி எழுத்து மெலியும், புள்ளி சிறுக்கும். அப்போது ஒரு பருமன் கூட்டிக்கொள்ளுங்கள். மழைக்காலத்து ஈரக்காற்றில் நீர் கலந்த மை உலர நேரம் பிடிக்கும். அவசரமாக அடுக்கினால் ஒரு பையின் எழுத்து மறுபையின் முதுகில் பதிந்துவிடும். கோடை விழாவுக்கும் மே மாதத்துப் பழக் கண்காட்சிக்கும் பை தேவைப்படுபவர்கள் வெயில் இருக்கும்போதே அச்சை முடித்துக்கொள்ளலாம்.

கண்ணாடிக் கதவிலும் வண்டியிலும் ஒட்டும் வினைல் ஸ்டிக்கரில் வேறொரு வகைச் சேதம் நடக்கிறது. வெட்டும் இயந்திரம் எழுத்தைச் சுற்றி வெட்டிய பிறகு, வேண்டாத பகுதியை ஒருவர் கையால் உரித்தெடுப்பார். எழுத்தோடு ஒட்டாமல் தனியே நிற்கும் சிறு துண்டு அந்த உரிப்போடு சேர்ந்து போய்விடும். தமிழில் அப்படித் தனியே நிற்பது புள்ளி. ஒட்டும்போது தப்பினாலும், கண்ணாடியைத் துடைக்கத் துடைக்க முதலில் உதிர்வதும் அதுவே. வினைலுக்குக் கொடுக்கும் கோப்பில் மட்டும் புள்ளிகளைக் கொஞ்சம் பெரிதாக்கிவிடுங்கள். ஒட்டி முடித்ததும் மெய்யெழுத்துகளை விரல்விட்டு எண்ணி, ஒவ்வொன்றுக்கும் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். ‘குன்னூர் வர்க்கி’க்கு நான்கு புள்ளி இருக்க வேண்டும்.

பொட்டலத்தின் பின்பக்கத்தில் வரும் சேர்மானங்கள், எடை, விலை, காலாவதி நாள் ஆகியவற்றைக் குண்டு எழுத்தில் எழுதக் கூடாது. அவற்றுக்கு ‘முக்த மலர்’, ‘ஹிந்த் மதுரை’, ‘நோட்டோ சான்ஸ் தமிழ்’ போன்ற தெளிந்த உரை எழுத்துருக்கள் உண்டு. பெயருக்கும் அதிகம் போனால் ஒரு சிறு முழக்கத்துக்கும் குண்டு எழுத்து, மற்ற எல்லாவற்றுக்கும் உரை எழுத்து என்று பிரித்துக்கொண்டால் இரண்டும் ஒன்றையொன்று உயர்த்தும். யானை கடக்கும் இடம், மண்சரிவு எச்சரிக்கை, மருந்துக் குறிப்பு, இரங்கல் அறிவிப்பு ஆகியவற்றுக்கு இந்த எழுத்து எந்த வடிவிலும் பொருந்தாது.

அச்சகத்தில் ஒப்படைக்கும்போது

இரண்டு கோப்புகளைத் தயார் செய்யுங்கள். ஒன்றில் எழுத்து தட்டச்சு செய்த நிலையிலேயே இருக்கட்டும். அடுத்த ஆண்டு முகவரி மாறினால் திருத்துவதற்கு அது உங்களிடம் இருக்க வேண்டும். மற்றொன்றில் எல்லா எழுத்தையும் கோட்டுருவாக மாற்றி, பிடிஎஃப் ஆக்கி, அதை மட்டும் அச்சகத்துக்குக் கொடுங்கள். பை, பலகை, வினைல் மூன்றுக்கும் பருமனும் புள்ளியின் அளவும் வேறு என்பதால் கோப்பின் பெயரிலேயே அது எதற்கானது என்று எழுதிவையுங்கள். பொட்டல அகலம் எவ்வளவோ அதே அகலத்தில், அச்சிடப்போகும் அதே காகிதத்தில் ஒரு மாதிரி கேட்டு வாங்குங்கள். வெள்ளைத் தாளில் காட்டும் மாதிரியை ஏற்றுக்கொள்ள வேண்டாம். மாதிரி வந்ததும் கடைப் பெயரை இதற்கு முன் அறியாத இருவரிடம் கொடுத்து, உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். ஒருவர் பள்ளிப் பிள்ளையாகவும் ஒருவர் கண்ணாடி போட்ட பெரியவராகவும் இருந்தால் மிகவும் நல்லது. இருவரும் தயங்காமல் ஒரே மாதிரி படித்தால் அச்சுக்கு ஒப்புதல் கொடுங்கள். யாராவது ஓர் எழுத்தில் தயங்கினால், அந்த எழுத்தை மட்டும் கோப்பில் பெரிதாக்கி, அடைபட்ட சுழியையோ குட்டையான காலையோ திறந்துவிட்டு, மீண்டும் ஒரு மாதிரி எடுங்கள்.